தெருவிளக்கு, தீயணைப்பு வண்டி, பஸ்: மட்டக்களப்பு மாநகர சபையிடம் எதைக் கேட்கலாம்?

மட்டக்களப்பு மாநகர சபையின் மாதாந்த அமர்வு பற்றிய செய்திகளை வாசித்தால், ஒரே நாளில் குப்பை, வடிகான், தெருவிளக்கு, கட்டாக்காலி மாடு, பஸ் நிலையம், போதைப்பொருள், பாடசாலை வாசலில் வாகன நெரிசல் என்று பல விடயங்கள் பேசப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் சில அடுத்த மாதமே நடந்துவிடுகின்றன. சில ஆண்டுக்கணக்கில் பேச்சாகவே இருக்கின்றன. உறுப்பினர்களின் அக்கறையில் உள்ள ஏற்றத்தாழ்வே இதற்குக் காரணம் என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். அதிலும் உண்மை இருக்கலாம். ஆயினும் அந்த வேலை சட்டப்படி யாருடையது, அதைச் செய்யவும் தொடர்ந்து நடத்தவும் பணம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால், அமர்வில் எழும் எந்தக் கோரிக்கை நிறைவேறும், எது பேச்சோடு நின்றுவிடும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சபை நடவடிக்கைகளை முதன்முறையாகக் கவனிக்கத் தொடங்கும் வாசகருக்கு அந்த இரண்டையும் விளக்குவதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சபையும் அதன் எல்லையும்

இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்கள் மூன்று வகைப்படும். மாநகர சபைகள் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழும், நகர சபைகள் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும், காத்தான்குடி, ஏறாவூர் ஆகிய இரண்டு நகர சபைகளும், வாகரை தொடங்கி வெல்லாவெளி வரை ஒன்பது பிரதேச சபைகளும் உள்ளன. அயலில் உள்ள அம்பாறை மாவட்டத்தில் கல்முனையும் அக்கரைப்பற்றும் மாநகர சபைகள்.

கல்லடி, நாவற்குடா, புளியந்தீவு, கோட்டமுனை, அமிர்தகழி, ஊறணி, கருவேப்பங்கேணி, திருப்பெருந்துறை போன்ற இடங்கள் மட்டக்களப்பு மாநகர சபையின் எல்லைக்குள் வருகின்றன. தெற்கே காத்தான்குடிக்குள் நுழைந்தவுடன் வேறொரு சபை தொடங்கிவிடுகிறது. வாவியைக் கடந்து வவுணதீவுக்குப் போனால் மண்முனை மேற்குப் பிரதேச சபை. கடைகளும் வீடுகளும் தொடர்ச்சியாக இருப்பதால் இந்த எல்லைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் குப்பை வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி உள்ளூராட்சி, மாகாண சபைக்குரிய விடயம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆகையால் மாகாண மட்டத்தில் மக்கள் பிரதிநிதிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுநரும் செயலாளர்களுமே இருந்து வருகிறார்கள். உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலமும் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த தேர்தல், நிதி இல்லை என்ற காரணத்தால் தள்ளிப் போடப்பட்டு, 2025 மே 6ஆம் திகதிதான் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகளே சபையை நடத்தினார்கள். அக்காலத்திலும் குப்பை அள்ளப்பட்டது, வரி அறவிடப்பட்டது. ஆனால் எந்த வட்டாரத்தின் வடிகானுக்கு முதலிடம் என்பதைப் பகிரங்கமாக விவாதிக்க ஓர் இடம் இருக்கவில்லை. அந்த இடத்தின் அருமையை அதை இழந்திருந்த காலத்திலேயே பலர் உணர்ந்தார்கள்.

தற்போதைய தேர்தல் முறையில் உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு உண்டு. சபையின் தலைமையில் முதல்வர் (மேயர்) இருக்கிறார். நிருவாகத்தை மாநகர ஆணையாளர் நடத்துகிறார். உறுப்பினர் ஒருவர் பிரேரணையை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, சபை ஏற்றுக்கொண்டால் அது தீர்மானமாகிறது. நிதி, சுகாதாரம், வேலைகள் முதலியவற்றுக்கான குழுக்கள் பிரதான அமர்வுக்கு முன்னர் தனியே கூடுகின்றன. செய்தியில் இடம்பெறும் வாக்குவாதத்தைவிடப் பல வேளைகளில் இந்தக் குழுக்களின் பரிந்துரைகளே வேலையை நகர்த்துகின்றன.

பணம் எங்கிருந்து வருகிறது

சபையின் சொந்த வருமானத்தில் முதன்மையானது சோலைவரி. வீட்டுக்கோ கடைக்கோ ஓர் ஆண்டுப் பெறுமதி மதிப்பிடப்பட்டு, அதன் குறிப்பிட்ட வீதம் வரியாக அறவிடப்படுகிறது. உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா என்றும் வரி 10 வீதம் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டு வரி 6,000 ரூபா. காலாண்டுக்கு 1,500 ரூபா. முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31ஆம் திகதிக்குள் செலுத்துவோருக்கு 10 வீதக் கழிவு கிடைப்பதால், அவர் 5,400 ரூபா கட்டினால் போதும். இந்தக் கழிவைச் சபை வழங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் கையில் இருந்தால்தான் சபையால் வேலைகளை மழைக்கு முன்னரே தொடங்க முடியும்.

சோலைவரிக்கு அப்பால் கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், விளம்பரப் பலகைக் கட்டணம் முதலியவை உண்டு. காணி கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தின் ஊடாகச் சபைக்கு வந்து சேர வேண்டியவை. நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் பெரும் பகுதியை அரசாங்கம் மீளளிக்கிறது. இவை தவிர மாகாண அபிவிருத்தி நன்கொடைகளும் வெளிநாட்டு உதவித் திட்டங்களும் உள்ளன. உலக வங்கியின் உதவியுடன் 2010இல் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய நெல்சிப் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். உள்வீதிகள், சந்தைகள், நூலகங்கள், வடிகான்கள் எனப் பல வேலைகள் அதன் மூலம் நடந்தன.

இனிச் செலவுப் பக்கத்துக்கு வருவோம். பாதீட்டில், அதாவது வரவு செலவுத் திட்டத்தில், மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்று இரண்டு பிரிவுகள் இருக்கும். சந்தைக் கட்டடம் கட்டுவது, குப்பை வண்டி வாங்குவது, வடிகானுக்குக் கொங்கிறீட் இடுவது ஆகியவை மூலதனச் செலவுகள். அந்த வண்டிக்கு டீசல், சாரதிக்குச் சம்பளம், தேய்ந்த டயருக்கு மாற்று, வடிகானில் ஆண்டுதோறும் படியும் மண்ணை அள்ளும் கூலி ஆகியவை மீண்டெழும் செலவுகள். திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் முதலாவது பிரிவுக்கே உரியவை. மக்கள் அன்றாடம் அனுபவிக்கும் சேவை இரண்டாவது பிரிவிலிருந்து வருகிறது. நன்கொடையாளர்களும் மத்திய அரசும் முதலாவதற்குப் பணம் தர முன்வருகிறார்கள்; இரண்டாவதைச் சபையே பெரும்பாலும் தன் வருமானத்திலிருந்து சுமக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்ச் சேவைகள் பற்றிய எந்த விவாதத்தையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருந்தாலே பாதி தெளிவு கிடைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். தெருவிளக்குகள் பொருத்துவோம் என்று ஓர் உறுப்பினர் சொல்லும்போது, அணைந்துபோன விளக்கை மாற்ற ஏணி வண்டியும் மின்னியலாளரும் அடுத்த ஆண்டும் இருப்பார்களா என்று கேட்பதே பொறுப்பான கேள்வி.

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை முதல்வர் ஆண்டு முடிவதற்கு முன்னர் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு முன்னர் அது சில நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. பாதீட்டு வாக்கெடுப்பு வெறும் சடங்கல்ல என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று: 2020 டிசம்பரில் அங்கு மாநகர சபையின் பாதீடு இரண்டாவது தடவையும் தோற்கடிக்கப்பட்டதால் முதல்வர் பதவியே கைமாறியது. ஆண்டின் நடுவில் எதிர்பாராத செலவு வந்தால் குறைநிரப்பு மதிப்பீடு ஒன்றைக் கொண்டுவரலாம். ஆனால் அதற்கும் ஏதோவொரு தலைப்பிலிருந்து பணம் எடுக்கப்பட வேண்டும். பாதீட்டில் தலைப்பும் தொகையும் இல்லாத வேலைக்கு ஆணையாளர் காசோலையில் ஒப்பமிட முடியாது. கணக்காய்வாளர் நாயகத்தின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. ஆகவே சபை ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானமாயினும், அதற்கு நிதி ஒதுக்கப்படாவிட்டால் அது ஒரு விருப்பமாகவே இருக்கும்.

பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ்

மக்கள் பாதுகாப்பு என்றவுடன் பொலிஸார் நினைவுக்கு வருகிறார்கள். பொலிஸ் திணைக்களம் மத்திய அரசுக்குரியது. 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்கென்று எழுதிய பொலிஸ் அதிகாரங்கள் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எனவே போதைப்பொருள் விற்பனையைத் தடுக்க வேண்டும் என்று மாநகர சபை தீர்மானம் எடுத்தால், அதைப் பொலிஸாருக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் கடிதமாக அனுப்பலாம், அவ்வளவே. அந்தக் கடிதத்துக்கும் பயன் உண்டு. ஆனால் சபையின் கையிலேயே இருக்கும் பாதுகாப்பு வேலைகள் எவை என்பதை மக்கள் அறிந்திருந்தால், அவற்றையே இன்னும் வலுவாகக் கேட்க முடியும்.

அவற்றுள் மிகப் பெரியது தீயணைப்புப் பிரிவு. இலங்கையில் தீயணைப்பு பெரும்பாலும் மாநகர, நகர சபைகளின் சேவை. பெரும்பாலான பிரதேச சபைகளிடம் அந்தப் பிரிவே இல்லை. ஆகவே மாநகர எல்லைக்கு வெளியே ஒரு கிராமத்தில் தீப்பிடித்தாலும் மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோதான் வண்டி போக வேண்டியிருக்கும். இங்கே ஒரு நியாயப் பிரச்சினை எழுகிறது. வண்டிக்கும் வீரர்களுக்கும் செலவு செய்வது மாநகர வரியிறுப்பாளர். பயன் பெறுவது மாவட்டம் முழுவதும். உயிர் காக்கும் வேலைக்கு எல்லை பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் அதற்கான செலவை அயல் சபைகளும் மாகாணமும் பகிர்ந்துகொள்ள ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயமானது.

தீயணைப்பு வண்டியை நன்கொடையாகப் பெற்றுவிடலாம். ஆனால் 24 மணி நேரமும் ஆட்கள் விழித்திருக்க வேண்டுமென்றால் ஒரு வண்டிக்கு ஒரு குழு போதாது; முறைமாற்றி வேலை செய்யப் பல குழுக்கள் தேவை. ஓய்வு நாள், நோய் விடுமுறை, பயிற்சி நாள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஆட்தொகை இன்னும் கூடும். குழாய்களும் மூச்சுக் கருவிகளும் குறித்த காலத்தில் சோதிக்கப்பட வேண்டும். எதுவுமே எரியாத மாதத்திலும் இந்தச் செலவு முழுமையாக நடக்க வேண்டும் என்பதால், பாதீட்டில் வெட்டுவதற்கு எளிதான இடமாக இது பலருக்குத் தோன்றிவிடுகிறது. அப்படி வெட்டப்படும்போது எழுந்து கேட்கும் உறுப்பினர் ஒருவராவது சபையில் இருக்க வேண்டும்.

கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து உரிமையாளரிடம் தண்டம் அறவிடுவதும் சபையின் அதிகாரத்தில் உள்ளதே. இரவில் கல்முனை வீதியில் படுத்திருக்கும் மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டைப் பிடிக்க ஆளும் வாகனமும், அடைத்து வைக்க இடமும், தீனியும் வேண்டும். தண்டப் பணம் அந்தச் செலவை ஈடு செய்யுமா என்று பார்த்தே தொகையை நிர்ணயிக்க வேண்டும்.

தெருவிளக்கைப் பொறுத்தவரை, கம்பமும் கம்பியும் மின் விநியோக நிறுவனத்தினுடையவை. விளக்கைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. வீதியைப் பொறுத்தவரை, ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், அவற்றுக்கு உள்ளே பிரியும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் சபைக்கும் உரியவை. கல்லடிப் பாலத்தின் வழியே செல்லும் ஏ4 வீதியும், திருகோணமலைக்குச் செல்லும் ஏ15 வீதியும் நகரின் நடுவே ஓடினாலும் அவற்றில் குழி விழுந்தால் மாநகர சபை தானாகச் சீர்செய்ய முடியாது. வெள்ள காலத்திலும் இதே பிரிவினைதான். ஒழுங்கை வடிகானைத் துப்புரவு செய்வது சபையின் வேலை. வாவி நீர் கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்டுவதா இல்லையா என்பது மாவட்டச் செயலக மட்டத்தில் திணைக்களங்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவு.

பஸ்ஸுக்குப் பணம் கொடுப்பது யார்?

போக்குவரத்து விடயத்தில்தான் மாநகர சபையிடம் மக்கள் மிக அதிகமாக எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அதனிடம் மிகக் குறைவான அதிகாரம் இருப்பதும் இவ்விடயத்திலேதான். சிவப்பு பஸ்களை நடத்துவது இலங்கை போக்குவரத்துச் சபை. அது 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்திய அரசின் நிறுவனம். அதன் மட்டக்களப்புச் சாலை (டிப்போ) எந்த வழியில் எத்தனை பஸ் விடும் என்பதை மாநகர சபை தீர்மானிப்பதில்லை. தனியார் பஸ்களுக்கு வழி அனுமதிப்பத்திரம் கொடுப்போர் இரண்டு தரப்பினர். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கோ பதுளைக்கோ போகும் பஸ் மாகாண எல்லையைக் கடப்பதால், 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அனுமதி வழங்குகிறது. கல்முனைக்கோ வாழைச்சேனைக்கோ போகும் பஸ் மாகாணத்துக்குள்ளேயே ஓடுவதால், அதற்கு மாகாணப் போக்குவரத்து அதிகார சபை அனுமதி வழங்குகிறது. கட்டணத் திருத்தங்களும் தேசிய மட்டத்திலேயே முடிவாகின்றன. வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு நாம் ஆண்டுதோறும் கட்டும் பணம்கூட மாகாணத்துக்கே போகிறது.

மாநகர சபையிடம் எஞ்சியிருப்பவை பஸ் நிலையம், தரிப்பிடங்கள், முச்சக்கரவண்டித் தரிப்பிடங்கள், வாகனத் தரிப்புக் கட்டணம், நடைபாதை, பஸ் நிலையக் கழிவறை ஆகியவை. இவை சிறிய விடயங்கள் அல்ல. மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும் ஒரு பெண், வெளிச்சமும் துப்புரவான கழிவறையும் உள்ள நிலையத்தில் அச்சமின்றிக் காத்திருக்க முடிந்தால் அவர் பஸ்ஸில் போவார். இல்லாவிட்டால் கூடுதல் பணம் கொடுத்து முச்சக்கரவண்டியை நாடுவார்.

இனி நட்டத்தில் ஓடும் வழிகளின் கதை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கு அதிகாலையிலும் இரவிலும் ஓடும் பஸ்ஸில் பயணிகள் குறைவு. டிக்கெட் வருமானம் டீசலுக்கும் சம்பளத்துக்கும் போதாது. தனியார் உரிமையாளர் அந்த நேரத்தில் ஓட மறுப்பதற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே அத்தகைய சேவைக்கு யாராவது இடைவெளிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். மாணவர்களுக்கான சிசு செரிய, பின்தங்கிய கிராமங்களுக்கான கெமி செரிய, இரவு நேரத்துக்கான நிசி செரிய ஆகிய ஏற்பாடுகள் இந்தத் தேவைக்காகவே உருவாக்கப்பட்டவை. அவற்றில் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் ஊடாக அரச பணம் வழங்கப்படுகிறது. 2014இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் வாவியைப் படகுப் பாதையில் கடக்க வேண்டிய சிரமம் தீர்ந்தது. அது மூலதனப் பணம் செய்த பெரிய உதவி. அந்தப் பாலத்தின் மேல் நாளும் நேரம் தவறாமல் பஸ் ஓடுவதற்கோ மீண்டெழும் பணம் வேண்டும். அதற்கு எந்த நாடும் ஒரு தடவை நன்கொடை கொடுத்துவிட்டுப் போக முடியாது. ஆண்டுதோறும் அரச கணக்கில் அது எழுதப்பட வேண்டும்.

எனவே பஸ் வேண்டும் என்ற கோரிக்கையை மாநகர சபை அமர்வில் மட்டும் எழுப்புவது போதாது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு ஆகியவற்றில் சாலை முகாமையாளரும் மாகாண அதிகார சபை உத்தியோகத்தர்களும் சமுகமளிக்கும் கூட்டத்தில், எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு எத்தனை மாணவர்களும் தொழிலாளர்களும் பயணம் செய்கிறார்கள் என்ற கணக்குடன் அதை எழுப்ப வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ அந்தக் கணக்கை ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். வெறும் வேண்டுகோளைத் தள்ளிப் போடுவதுபோல் எண்களைத் தள்ளிப் போடுவது உத்தியோகத்தர்களுக்கு எளிதல்ல.

கேட்கும் காலமும் கேட்கும் முறையும்

பாதீடு டிசம்பரில் நிறைவேறுகிறது என்பதால் பலர் டிசம்பரில் கோரிக்கை வைக்கிறார்கள். அப்போது தொகைகள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கும். தொழினுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்கவும், குழு அதைப் பரிசீலிக்கவும் காலம் வேண்டும். ஆகவே செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே எழுத்து மூலக் கோரிக்கை சபைக்குப் போய்ச் சேர வேண்டும். கடிதத்தை முதல்வருக்கு எழுதி, பிரதிகளை ஆணையாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வீதியின் பெயர், நீளம், பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கை, மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடத்தின் படம் ஆகியவற்றை இணைத்தால் உத்தியோகத்தரின் வேலை குறையும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. இது 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. விண்ணப்பத்தின் மீதான முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலுக்கான உரிமை பற்றிய ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். என் தெருவுக்கு ஏன் விளக்கு இல்லை என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். கடந்த இரண்டு ஆண்டுகளில் தெருவிளக்குப் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, உண்மையில் செலவான தொகை எவ்வளவு, வட்டாரவாரியாக மாற்றப்பட்ட விளக்குகள் எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டால், அந்த எண்களை வட்டார உறுப்பினர் அடுத்த அமர்வில் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.